முதலில் பிழையைச் சேர்க்கவும்

டிக். கிர்ர்ர். டொக்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் இப்படிச் சத்தம் கேட்டால் அதற்கு நியாயமான காரணங்கள் மூன்று உண்டு. எலி, குளிர்சாதனப் பெட்டி, புருஷன். நாலாம் மாடியில் குடியிருந்த பாப்பாம்மா படுத்தபடியே மூன்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எலி இப்படி டொக்கென்று முடிக்காது, கொறித்துக்கொண்டே போகும். குளிர்சாதனப் பெட்டி இருப்பது சமையலறையில், சத்தம் வந்ததோ வாசல் பக்கம். புருஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டூட்டி. காலை ஏழு மணிக்கு முன்னால் கிளம்ப அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் ஒரு தும்மல்கூடத் தும்முகிற ஆளும் இல்லை அவர்.

பாப்பாம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் குழந்தை பிறந்தவுடன் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதை ரத்து செய்துவிட்டு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆட்சேபம் தெரிவிக்க அவளுக்கு அவகாசம் தரப்படவில்லை.

குழந்தையின் இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கூடத்துக்கு வந்தாள். வாசற்கதவு இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. வெளி நடையின் வெளிச்சம் தரையில் ஒரு கோடாக நீண்டு, சோபாவின் கால் வரைக்கும் வந்து நின்றது. வெளியே ஒருவரும் இல்லை. கதவைச் சாத்தினாள். அது நல்ல பிள்ளையாகப் பூட்டிக்கொண்டது. அவள்தான் விடியும்வரை கண்ணைப் பூட்டவில்லை.

மறுநாளும் இரண்டு மணிக்கு அதே டிக், கிர்ர்ர், டொக். அதற்கு மறுநாளும் அப்படியே. பேயாக இருந்தால் ஒருநாள் முன்னேபின்னே வரும், ஒருநாள் வராமலும் இருக்கும். இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்றால் இதற்குப் பின்னால் ஏதோ ஒரு நிர்வாகம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. பேயாக இருந்தால் தேவலை என்றும் தோன்றியது.

நாலாம் நாள் இரவு அவள் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். ஒரு நாற்காலி, நாற்காலிமேல் அரிசி டின், டின்மேல் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மெய்ப்புக் கட்டு மூன்று. பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவதுதான் வீட்டிலிருந்தபடி அவள் பார்த்துவந்த வேலை.

காலையில் புருஷன் வெளியே நின்று, கைரேகை பார்த்துத் திறக்கும் பூட்டில் விரலை வைத்தார். கதவு திறந்தேன் என்று பாட்டுப் பாடியது. ஆனால் நகரவில்லை.

"ஏம்மா, வேற யாருக்காவது வீட்ட குடுத்துட்டியா?"

"தள்ளாதீங்க! எட்டாம் வகுப்பு அறிவியல் விழுந்துடும்!"

விழுந்தது. அரிசியும் கூடவே விழுந்தது. நாலு மணிக்குத்தான் தூங்கியிருந்த குழந்தை எழுந்து, நடந்ததெல்லாம் தனக்காகத்தான் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தது.

"கனவு கண்டிருப்ப" என்றார் புருஷன், அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே.

"நாலு நாளா ஒரே கனவா? அதுவும் சரியா ரெண்டு மணிக்கா?"

"எனக்கு ஆஸ்பத்திரியில தினமும் ரெண்டு மணிக்கு ஒரே தாத்தா ஒரே கேள்வி கேக்கிறார். கனவு மாதிரிதான் இருக்கு."

"ஏங்க, நான் ஒரு பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரிபூரா தனியா இருக்கேன். அந்தக் கதவு திறந்து கிடக்கு. யாராவது உள்ள வந்தா நான் என்ன பண்ணுவேன், எட்டாம் வகுப்பு அறிவியல எடுத்து அடிக்கிறதா?"

அவர் அரிசி அள்ளுவதை நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. "வா, மேனேஜர்கிட்ட போலாம்" என்றார்.

கட்டட மேனேஜரின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடிச் சுவர், தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடி, சுவரில் சாவி மாட்டும் பலகை. பலகையில் நாற்பத்தெட்டுக் கொக்கிகள், சாவி ஒன்றுகூடக் கிடையாது. போன வருஷம் கட்டடத்தின் எல்லாக் கதவுகளையும் நவீனப்படுத்தியபோது சாவிகளை எடைக்குப் போட்டுவிட்டு, பலகையை நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டார்.

"சார், எங்க கதவு திறக்குது" என்றாள்.

"திறக்கத்தானேம்மா கதவு."

"தானாத் திறக்குது."

"ஆட்டோமேட்டிக் கதவும்மா. தானாத் திறக்கலேன்னாதான் நீங்க புகார் குடுக்கணும்." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தக் கதவோட ரகம் தெரியுமா உங்களுக்கு? வழுவழுன்னு பலகை மாதிரி. கைப்பிடி கிடையாது, ஆணி கிடையாது. பக்கத்துத் தெருவுல இன்னும் சாவி போட்டுத் திறக்கிறாங்க, பாவம்."

"ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கலாமா சார்?" என்றார் புருஷன்.

மேனேஜர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஐயையோ! கதவுல ஓட்டை போட்டா வாரண்டி போயிடும்."

"வாரண்டி எதுக்கு சார்?"

"கதவு கெட்டுப்போனா சரிபண்ணித் தர்றதுக்கு."

"இப்ப கெட்டுத்தானே போயிருக்கு?"

"கெட்டது கதவு இல்ல. உள்ள ஓடுற மென்பொருள். அதுக்கு வாரண்டி கிடையாது."

அந்த மென்பொருளின் பெயர் வாயிலோன். அவள் வீட்டுப் பூட்டில் அது ஏறியது போன வாரம்தான். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். எல்லோருக்கும் சொந்தமான பொருள் என்பதால் அதில் குறை இருந்தால் எல்லோரும் வருத்தப்படுவார்கள். வருத்தப்படுவதற்கு மேல் எதையாவது செய்வதாக இருந்தால், அதற்கு விதிகள் இருந்தன.

பாப்பாம்மா அதைப் படிக்க உட்கார்ந்தாள். கணினி மொழி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் கன்னியர் மடப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் அவளுக்கு ஒரு விஷயத்தை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: புரியாவிட்டாலும் வரி விடாமல் படிப்பது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து, எப்படியும் வராத தூக்கத்தை அந்த வேலைக்குச் செலவிட்டாள். ஐந்தாம் நாள் 'இரவுச் சோதனை' என்ற பகுதிக்கு வந்தாள். தினமும் இரண்டு மணிக்குப் பூட்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டுமாம். சுற்றியிருந்த குறிகளையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் அதில் இருந்தது நாலே வரி:

திற.
மூன்று நொடி காத்திரு.
வேலை முடிந்தது, கிளம்பு.
பூட்டு.

பாப்பாம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள். கடைசி இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தன. அச்சுக்கோப்பில் நாள்தோறும் நடக்கிற தப்பு. வேலை முடிந்தது என்று கிளம்பிப் போனவன் திரும்பி வந்து பூட்டுவானா? பழக்கதோஷத்தில் சிவப்பு மையெடுத்துக் கணினித் திரைமேலேயே வரிமாற்றக் குறி போட்டுவிட்டு, பிறகு துணியால் துடைத்தாள்.

தன் வீட்டுப் பூட்டில் மட்டும் தானே திருத்திக்கொள்ள வழியில்லை. வாயிலோனை நிர்வகிக்கும் ஆர்வலர் பேரவையின் முத்திரை பெற்ற பிரதியைத்தான் பூட்டு ஏற்கும். ஆகவே, பள்ளியில் கற்றுக்கொண்ட கடித முறையைப் பின்பற்றி வாயிலோன் பேரவைக்கு எழுதினாள்: "பெருமதிப்பிற்குரியீர், பணிவான வணக்கம். தங்கள் மேலான மென்பொருளில் இரண்டு வரிகள் இடம் மாறியுள்ளன. இதனால் கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் என் வீட்டுக் கதவு இரவு முழுவதும் திறந்து கிடக்கிறது. திருத்தம் இணைத்துள்ளேன். தயைகூர்ந்து சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்."

ஒரே நொடியில் பதில் வந்தது. "உங்கள் பிழைக்கு நன்றி. பிழை எண் 4117." அதை அனுப்பியது ஓர் இயந்திரம் என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பேரவையில் இருந்தவற்றுள் விரைந்து வேலை செய்தது அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் மனிதர் எழுதிய பதில் வந்தது. எழுதியவர் நிலைக் கிளையின் காவலர். பேரவையில் யாரும் சொந்தப் பெயரில் உலவுவதில்லை. அவர் வைத்துக்கொண்ட பெயர் பாறை.

வாயிலோனுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஊரிலுள்ள கதவுகளில் எல்லாம் ஓடுவது நிலைக் கிளை. நம்பகமானது என்று பெயர் வாங்கிவிட்டதால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. புதிதாக ஏதாவது செய்யத் துடிப்பவர்களுக்காகத் தனியே வளர் கிளை. அது இன்னும் எந்தக் கதவிலும் ஓடவில்லை. ஆகவே அதைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் இல்லை.

பாறை எழுதியிருந்தார்: "தங்கள் கடிதம் கண்டோம். நிலைக் கிளை கடந்த பதினான்கு மாதங்களாக ஒவ்வோர் இரவும் சரியாக இரண்டு மணிக்குத் திறந்துவருகிறது. ஒருநாளும் தவறியதில்லை. நிலைத்தன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இருப்பினும் தங்கள் திருத்தம் சரியானதே. ஆனால் விதி ஏழின்படி எந்தத் திருத்தமும் முதலில் வளர் கிளையில் சேர வேண்டும். அங்கு சேர்ந்தது மட்டுமே நிலைக் கிளைக்குக் கொண்டுவரப்படும்."

அது நல்ல விதிதான். பழைய பிரதியில் திருத்தியதைப் புதியதில் திருத்த மறந்துவிட்டால், அடுத்த வருஷம் அதே பிழை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அல்லவா? கெட்ட விதியாக இருந்திருந்தால் யாராவது எப்போதாவது மீறியிருப்பார்கள். நல்ல விதி என்பதால் ஒருவரும் அசைக்க முடியவில்லை.

பாப்பாம்மா வளர் கிளையின் தலைவனுக்கு எழுதினாள். அவன் பெயர் மின்னல், வயது இருபத்து நாலு. எழுத்தில் பேசுவது அவனுக்குச் சலிப்பு. உடனே வீடியோவில் வந்தான்.

"அக்கா, உங்க திருத்தத்தப் பாத்தேன். சூப்பர். ஆனா எங்க கிளையில அந்தப் பிழையே இல்லையே!"

"அப்படியா! எப்படிச் சரி பண்ணினீங்க தம்பி?"

"பூட்டையே எடுத்துட்டோம்."

பாப்பாம்மா வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பூட்டு இல்லாம எப்படிக் கதவு..."

"பூட்டுங்கிறதே போன தலைமுறைச் சிந்தனைக்கா. சந்தேகத்துல பொறந்த பொருள். இப்ப உலகம் அதைத் தாண்டிப் போயிட்டிருக்கு. எங்க கதவு வர்றவங்களோட மனசப் புரிஞ்சுக்கும்."

"திருடன் வந்தா?"

"அவனையும் புரிஞ்சுக்கும்."

"புரிஞ்சுக்கிட்டு?"

"அது அடுத்த கட்டம்கா. இப்போதைக்குப் புரிஞ்சுக்கிற வரைக்கும்தான் எழுதியிருக்கோம்."

குழந்தை திரையிலிருந்த மின்னலின் மூக்கைப் பிடிக்கப் பார்த்தது. பாப்பாம்மா அதன் கையை விலக்கிவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். "சரி தம்பி. இல்லாத பிழைக்கு இந்தத் திருத்தத்தச் சேர்த்துக்க முடியுமா? அங்க சேர்ந்தாத்தான் இங்க சேர்ப்பாங்களாம்."

"எங்க சேர்க்கிறது? அந்த நாலு வரியே எங்ககிட்ட இல்லையே. ஆளே இல்லாத வீட்டுக்கு மருந்து அனுப்புற மாதிரி ஆயிடும்."

பாறைக்கு மறுபடி எழுதினாள். "வளர் கிளையில் பிழை இல்லாததால் திருத்தம் அங்கே சேர இயலாது எனத் தெரிவிக்கிறார்கள்." பாறை பதில் எழுதினார்: "வளர் கிளையில் சேராத திருத்தம் இங்கே சேர இயலாது என்பதை வருத்தத்துடன் மீண்டும் தெரிவிக்கிறோம்." மறுபடி மின்னல், மறுபடி பாறை. இப்படி மூன்று வாரம் ஓடியது. அரிசி டின் தினமும் ராத்திரி நாற்காலியில் ஏறி, காலையில் இறங்கியது. புருஷனுக்குக் கதவைத் தள்ளாமல் வெளியே நின்று "நான்தான்" என்று குரல் கொடுத்துப் பழகிவிட்டது. குழந்தை எழுந்து உட்காரப் பழகிவிட்டது. பாப்பாம்மாவுக்கு மட்டும் எதுவும் பழகவில்லை. இரண்டு மணி ஆனால் நெஞ்சு தானாகப் படபடத்தது. நிலைத்தன்மையோடுதான் படபடத்தது. மெய்ப்புத் திருத்தும்போது எழுத்துகள் தூக்கக் கலக்கத்தில் நகர்ந்தன. தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்பது முந்நூறு அறை என்று போய், அச்சகத்தார் போன் செய்து, "அம்மா, தவளை என்ன ஓட்டலா நடத்துது?" என்று கேட்டார்கள்.

அன்று அவள் பேரவைத் தலைவருக்கே எழுதிவிட்டாள். தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அம்மையார், எதற்கும் பதறாதவர். பெரும் பிரச்சினை என்பதால் முழுப் பேரவையையும் வீடியோவில் கூட்டினார். பதினொரு சின்னச் சதுரங்களில் பதினொரு முகங்கள். பாறை பகலில் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பின்னால் சுவரில் சங்கிலி அளவாகக் கோடு போட்ட ஒரு வரைபடம். பன்னிரண்டாவதாக இருந்த பாப்பாம்மாவின் சதுரத்தில் பாதி குழந்தை.

"எல்லாரும் வாயத் திறந்து சொல்லுங்க" என்றார் தலைவர். தொழில் பழக்கம். "இந்தம்மாவோட திருத்தம் சரிதானா?"

பதினொருவரும் சரி என்றார்கள்.

"அப்ப ஏன் சேர்க்கல?"

பதினொருவரும் விதி ஏழு என்றார்கள்.

தலைவர் கண்ணை மூடிச் சிறிது யோசித்தார். "வளர் கிளையில பிழை இல்லாததுதானே சிக்கல்?"

"ஆமாங்க."

"அப்ப முதல்ல அங்க பிழையச் சேருங்க. சேர்த்துட்டு, அதைத் திருத்துங்க. திருத்தம் வளர் கிளையில சேர்ந்ததா ஆயிடும். அதுக்கப்புறம் நிலைக் கிளைக்குக் கொண்டுபோங்க."

பாறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "விதிக்கு உட்பட்டது" என்றார். தழுதழுத்துவிட்டார். வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு, ஒருவருக்கு இணைப்பு அறுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை மின்விசிறியைப் பிடிக்கக் கையைத் தூக்கியது. தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

பிழையை எழுதும் பொறுப்பு பாப்பாம்மாவுக்கே தரப்பட்டது, அதைப் பற்றி அதிகம் அறிந்தவர் என்ற முறையில். அதற்கு முன் வளர் கிளையில் பூட்டு ஒன்று வேண்டுமே? மின்னல் பெரிய மனது பண்ணி, பிழை குடியிருப்பதற்காகவே ஒரு பூட்டை அமைத்துக்கொடுத்தான். பாப்பாம்மா பழைய நாலு வரியையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்பினாள்.

பரிசீலனைக் குழு திருப்பி அனுப்பியது. "தங்கள் பிழை எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. பிழையில் ஒரு பிழை உள்ளது."

பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில், கை தன் பாட்டுக்கு 'பூட்டு' என்பதைச் சரியான இடத்தில் எழுதிவிட்டிருந்தது. பத்து வருஷ மெய்ப்பு வேலை. தப்பாக எழுது என்றால் எழுத வரவில்லை. திருத்தி, அதாவது கெடுத்து, மறுபடி அனுப்பினாள். இந்த முறை வரிகளுக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி நாலா எட்டா என்று குழுவுக்குள் தகராறு வந்து எட்டு நாள் போனது. அதன்பின் பிழை ஒருமனதாக ஏற்கப்பட்டது. "மிக நேர்த்தியான பிழை" என்று மூன்று பேர் தனியாகப் பாராட்டு எழுதியிருந்தார்கள்.

திருத்தத்தை அனுப்பப் போனால் மின்னல் குறுக்கே விழுந்தான்.

"அக்கா, கொஞ்சம் இருங்க! அதுக்குள்ள எடுக்காதீங்க. உங்க பிழைக்கு நல்ல வரவேற்பு!"

"என்ன வரவேற்பு?"

"அதே பேருதான் வச்சிருக்கேன். 'நள்ளிரவு வரவேற்பு'. ரெண்டு மணிக்குக் கதவு தானாத் திறந்து உலகத்த உள்ள அழைக்குது. என்ன ஒரு கற்பனை! ஒரு நிலாப் படம்கூடப் போட்டாச்சு. மூவாயிரம் பேர் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"தம்பி, அது வெறும் பிழை. நானே உக்காந்து எழுதினது."

"பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இப்படித்தான்கா தொடங்குது."

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. நிலாப் படம் இருக்கும், கதவு திறக்காது. மூவாயிரம் பேரில் ஒருவர்கூட வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவர்களில் யார் வீட்டுக் கதவிலும் வளர் கிளை ஓடவில்லை. திருத்தம் சேர்ந்தது. பாப்பாம்மா குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

அடுத்து நிலைக் கிளை. பாறை சொன்ன சொல் மாறாத மனிதர். அன்று சாயங்காலமே வளர் கிளையில் சேர்ந்ததை எடுத்து, சேர்ந்த வரிசையிலேயே நிலைக் கிளைக்குக் கொண்டுவரத் தொடங்கினார். முதலில் வந்தது பிழை. ஏற்கெனவே அங்கே ஒரு பிழை இருந்ததால், வந்த பிழை அதற்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அடுத்து திருத்தம் வந்தது. ஒரு பிழையைத் தேடி வந்த திருத்தம் இரண்டு பிழைகளைக் கண்டதும் எதைத் திருத்துவது என்று தெரியாமல், 'பொருந்தவில்லை' என்று திரும்பிப் போய்விட்டது. அதற்குள் மணி ஆறாகிவிட்டது. ஆறு மணியிலிருந்து உறைகாலம்: அடுத்த வெளியீட்டுக்கு முந்தைய மூன்று மாதம் நிலைக் கிளையை ஒருவரும் தொடக் கூடாது.

அன்று இரவு இரண்டு மணிக்கு, டிக், கிர்ர்ர், டொக். பாப்பாம்மா எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து படுத்தாள். இரண்டே காலுக்கு மறுபடியும் டிக், கிர்ர்ர், டொக்.

மறுநாள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர், "பிழை எண் 4117 வெற்றிகரமாக முடிந்தது, முறைமைக்குக் கிடைத்த..." என்று தொடங்கியபோது பாப்பாம்மா கையைத் தூக்கவில்லை. நேராகக் கத்தியே விட்டாள்.

"ரெண்டு தடவ திறக்குதுங்க! ராத்திரிக்கு ரெண்டு தடவ! நான் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு! உங்க வீட்டுக் கதவெல்லாம் திறக்கலையா? நீங்க யாரும் இந்தப் பூட்டப் போடலையா?"

சதுரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"போட்டிருக்கோமே" என்றார் பாறை. "நம்ம பொருள நாமளே பயன்படுத்தலேன்னா எப்படி?"

"திறக்குதா?"

"நல்லாத் திறக்குது."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"எதுக்கும்மா பயம்?" பாறைக்கு உண்மையாகவே புரியவில்லை. "உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேனே."

கேமராவைத் திருப்பிக் காட்டினார். முழங்கை நீளத்தில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஒவ்வொருவராகக் கேமராவைத் திருப்பினார்கள். பதினொரு கதவு, பதினொரு தாழ்ப்பாள். தலைவர் வீட்டில் சங்கிலியும் சேர்த்து. மின்னல் கொஞ்சம் நெளிந்தான். பிறகு அவனும் திருப்பினான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று.

"நீ கூடவா தம்பி? வர்றவங்க மனசப் புரிஞ்சுக்கிறது?"

"எங்கம்மா விட மாட்டேங்கிறாங்கக்கா."

"கதவுல ஓட்டை போட்டா வாரண்டி போயிடுமே!" என்றாள் பாப்பாம்மா.

"போயிடுச்சும்மா" என்றார் தலைவர், பல்லைப் பிடுங்கியபின் ஆறுதல் சொல்லும் குரலில். "ஆனா தூக்கம் வருது."

சனிக்கிழமை சாயங்காலம் தச்சர் வந்தார். பையிலிருந்து ஓர் இரும்புத் தாழ்ப்பாளை எடுத்தார், கதவில் வைத்துப் பென்சிலால் புள்ளி போட்டார், நாலு ஓட்டை, நாலு ஸ்க்ரூ. பன்னிரண்டு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டியது.

"இந்தக் கட்டடத்துல உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்றார், தூளை ஊதிக்கொண்டே. "நாற்பத்தேழு வீட்டுக்கும் நான்தான் போட்டேன். முதல்ல போட்டது மேனேஜர் வீட்டுக்கு."

புருஷன் டூட்டிக்குக் கிளம்பும்போது கதவைத் தடவிப் பார்த்தார். "அழகு கெட்டுப்போச்சு" என்றார் சந்தோஷமாக. "காலையில வந்து மணி அடிக்கிறேன், எழுந்து திற. நல்லாத் தூங்கு." அவர் போனதும் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து தாழ்ப்பாளைப் போடலாம் என்று போனாள்.

தூங்க வைத்துவிட்டு வந்தபோது கணினியில் இரண்டு கடிதங்கள் காத்திருந்தன. ஒன்று பேரவையிலிருந்து. "பிழை எண் 4117-இல் தாங்கள் காட்டிய பொறுமையையும், பிழை, திருத்தம் இரண்டையும் சம திறமையுடன் எழுதக்கூடிய ஆற்றலையும் பாராட்டி, தங்களை நிலைக் கிளையின் துணைக்காவலராக நியமிப்பதில் பேரவை பெருமிதம் கொள்கிறது." கீழே பாறையின் கையெழுத்து. உறைகாலத்திலும் அவசரத் திருத்தம் ஒன்றை ஏற்க வேண்டுமானால் அமுக்க வேண்டிய பொத்தானையும், அதை இதுவரை யாரும் அமுக்கியதில்லை என்ற குறிப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். பாப்பாம்மா அதை இரண்டு தடவை படித்தாள். ஒன்பது மாதத்துக்குப் பின், கடிதத்தின் தலைப்பில் யாரோ அவளை அவளுடைய சொந்தப் பெயரால் அழைத்திருந்தார்கள்.

இன்னொரு கடிதம், துணைக்காவலரின் முடிவுக்கென்று பேரவை அனுப்பிவைத்தது, எங்கோ ஓர் ஊரிலிருந்து, ஒரு லாரி டிரைவரின் மனைவியிடமிருந்து. "அம்மா, எங்க வீட்டுக் கதவு ராத்திரியில ரெண்டு தடவ தானாத் திறக்குது. வீட்டுக்காரர் மாசத்துல இருபது நாள் ஊர்ல இருக்க மாட்டார். ரெட்டைக் குழந்தைங்க. பயமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ரெண்டு இடத்துல வரி மாறியிருக்கு. மாத்தி எழுதி அனுப்பியிருக்கேன். சரியான்னு பாருங்க."

பாப்பாம்மா பார்த்தாள். சரியாக இருந்தது. ஒரு வரி கூடவோ குறையவோ இல்லை. அவளுடைய திருத்தத்தைவிடச் சுத்தமாக, இரண்டு பிழைகளையும் ஒரே வீச்சில் தீர்க்கும்படி இருந்தது.

பொத்தானைப் பார்த்தாள். அதன்மேல் விரலைக்கூடக் கொண்டுபோனாள். ஆனால் ஒன்று தோன்றியது. இந்தத் திருத்தம் வளர் கிளையில் இருக்கிறதா? இல்லை. இன்றைக்கு இதை நேராக ஏற்றால், நாளைக்கு வளர் கிளையில் மறந்துபோகும். அடுத்த வருஷம் அதே பிழை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்காதா? ஒருத்தருக்காக விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள். தவிர, வரிகளுக்கு முன்னால் இடைவெளி நாலாக இருந்தது. எட்டு என்று எட்டு நாள் விவாதித்து முடிவாகியிருந்தது.

விரலை எடுத்து, பதில் எழுதினாள். பள்ளியில் கற்றுக்கொண்ட முறை, கை தானாக ஓடியது.

"அன்புடையீர், தங்கள் பிழைக்கு நன்றி. தங்கள் திருத்தம் சரியானதே. ஆயினும் விதி ஏழின்படி எந்தத் திருத்தமும் முதலில் வளர் கிளையில் சேர வேண்டும். வளர் கிளையில் இப்பிழைகள் இல்லாத காரணத்தால், முதலில் அங்கே பிழைகளைச் சேர்க்கவும். பிழை எழுதுவதில் ஐயம் இருப்பின் தயங்காமல் கேட்கவும். எனக்கு அதில் முன்னனுபவம் உண்டு."

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். ஒரு தப்புகூட இல்லை. அனுப்பினாள்.

கணினியை மூடிவிட்டு எழுந்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. கொட்டாவி விட்டபடியே கூடத்தைக் கடந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். புதிது என்பதால் பாதியில் பிடித்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் சட்டென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.